மியூட்டின் உள்காது

பக்கத்துக் கடைக் கணினி ரிப்பேர்காரர், மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடிவயிற்றில் சல்லடை போல ஓட்டை இருக்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மருமகள் வயிற்றில் கை வைத்துப் பிள்ளை உதைக்கிறதா என்று பார்க்கிற மாமியார் மாதிரி இருக்கும். வந்தவர் ஏதாவது பேச வாயெடுத்தால் இன்னொரு கையைத் தூக்கி நிறுத்துவார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொல்வார்.

"இடது பக்கம் உசுரு இருக்கு. வலது பக்கம் போயிடுச்சு."

காதால் கேட்டாலே தெரியுமே, கை எதற்கு என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "காது பொய் சொல்லும்ணே. ரோட்டுல ஹாரன் அடிச்சாக்கூட இதுக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கும். கை பொய் சொல்லாது. உள்ள சத்தம் இருந்தா கை கூசும்."

பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் இருந்தது. வெயிலில் பெயின்ட் உரிந்து இப்போது கடைசி எழுத்தும் ஒரு புள்ளியும்தான் மிச்சம். தெரு வைத்த பெயர் மியூட். யார் எந்தக் கோளாறோடு வந்தாலும் முதல் கேள்வி அதுதான்: "மியூட்ல இருக்கானு பாத்தீங்களா?" திரை உடைந்து கண்ணாடித்தூள் கொட்டுகிற கணினியைக் கொண்டுவந்தவரிடமும் அதையே கேட்டிருக்கிறார். பாதிப்பேரின் கணினி நிஜமாகவே மியூட்டில்தான் இருக்கும். பட்டனைத் தட்டிக் கையில் கொடுப்பார். வந்தவர் அசடு வழிந்துகொண்டே போவார். போனதும் என் பக்கம் திரும்பி, "வீட்டுல யாரோ வாயை மூடுனு சொல்லி அமுக்கி விட்டிருக்காங்கண்ணே, பாவம்" என்பார்.

பெயர்தான் மியூட். அந்த வாய் மூடி நான் பார்த்ததில்லை. திருப்புளியால் ஆணியைத் திருகும்போது ஆணியோடு பேசுவார். "வாடா ராசா, வா, அடம் பிடிக்காத." தூசி தட்டுவதற்குப் பழைய சவர பிரஷ் ஒன்று வைத்திருக்கிறார். அதைக் கையில் எடுத்தால் கூடவே ஒரு முனகல் கிளம்பிவிடும். பாட்டு என்று சொல்ல முடியாது. பல்வலிக்காரர் பாட்டு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அவர் கடை. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் அவருக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், அவ்வளவு தாழ்ந்த கூரை. இந்தப் பக்கம் என் பூட்டு சாவிக் கடை, அந்தப் பக்கம் தையல்காரர். எங்கள் இரண்டு பேரின் இயந்திரங்களும் அவருக்குச் சத்துரு. நான் சாவி அறுக்க ஆரம்பித்தால் உள்ளேயிருந்து குரல் வரும்: "அண்ணே, நிறுத்துங்கண்ணே! எனக்குக் காது வேணும்!"

காது வேண்டிய வேலை ஒன்று அவரிடம் அடிக்கடி வரும். கணினியில் ஏதோ ஓடுகிறது, அதன் சத்தத்தை அப்படியே பிடித்து வைக்க வேண்டும். வெளியூரிலிருந்து பேசுகிற மகனின் பேச்சு, திரும்பக் கிடைக்காத நிகழ்ச்சி, இப்படி ஏதாவது. வீட்டில் தாங்களே எடுத்துப் பார்த்திருப்பார்கள். மிக்ஸி ஓடுவதும் நாய் குரைப்பதும் விழுந்திருக்கும், வேண்டியது மட்டும் விழுந்திருக்காது. அவர்களுக்கு மியூட் பாடம் எடுப்பார்.

"இதுக்கு ரெண்டு காதும்மா. ஒண்ணு வெளிக்காது, மைக்குனு சொல்றோமே, அது. ரூம்ல யார் தும்முனாலும் கேக்கும். இன்னொண்ணு உள்காது. தன் வாயால தான் பேசுறதைத் தானே கேக்குற காது. அதைக் கம்பெனிக்காரன் மூடி ஒளிச்சு வச்சிருப்பான். தேடிப் பிடிச்சுத் தொறக்கணும். தொறந்ததும் கொஞ்சமா எடுத்து, போட்டுக் கேட்டுடணும். கேக்காம முழுசா எடுக்கவே கூடாது. ஒரு சின்ன இடி இடிச்சாப் போதும், அதுபாட்டுக்கு வெளிக்காதுக்கு மாறிடும், கழுதை."

ஒருமுறை ஒருவர் தன் அக்காவோடு நடக்கிற சொத்துச் சண்டையைக் கணினியில் பேசிப் பதிந்து வைத்துக்கொள்ள வந்தார். மியூட் எல்லாம் சரிசெய்து பக்கத்திலேயே உட்கார்ந்தார். பிறகு போட்டுக் கேட்டால், அக்கா திட்டுகிற ஒவ்வொரு திட்டுக்கும் பின்னால், "அடேங்கப்பா!", "அப்படிப் போடு!" என்று ஒரு மூன்றாம் குரல். காது மாறியிருக்கிறது. வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். நானும் தையல்காரரும் அதை மறுபடி மறுபடி போடச் சொல்லிக் கேட்டோம். அக்கா நன்றாகத்தான் திட்டியிருந்தாள்.

அவர் மனைவியைத் தெருவில் எல்லாரும் டீச்சர் என்போம். பள்ளிக்கூடம் எதிலும் வேலை பார்த்தவர் இல்லை. வீட்டிலிருந்தபடியே, கணினி வழியாகச் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற ஒரு கம்பெனிக்குப் பாடம் வாசித்துக் கொடுப்பார். ஒரு வரி வாசித்துவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்க" என்று நிறுத்துவார். எங்கோ இருக்கிற பிள்ளை சொல்லி முடிக்கிற அளவு இடைவெளி விடுவார், அடுத்த வரிக்குப் போவார். இந்தப் பழக்கம் பேச்சிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. என்னிடம், "அண்ணா, சாவி நாளைக்குக் கண்டிப்பா வேணும்" என்று சொல்லிவிட்டு நிற்பார். நானும் என்னையறியாமல், "நாளைக்குக் கண்டிப்பா" என்பேன்.

மதியம் சாப்பாட்டுப் பையோடு வருவார். படிக்குக் குனியாமல் வெளியே நின்றே, "ஏங்க" என்பார். அதிகமாகக் கத்தவெல்லாம் மாட்டார். என் இயந்திரம், தையல் இயந்திரம், தெரு ஹாரன் எல்லாவற்றையும் தாண்டி அந்த "ஏங்க" மட்டும் போய்ச் சேரும். மியூட் தலையை இடித்துக்கொண்டே எழுந்து வருவார்.

அந்தத் தொண்டையில்தான் நோய் வந்தது. முதலில் கரகரப்பு. சுடுதண்ணி குடி, வெறுந்தண்ணி குடி என்று ஆளுக்கொன்று சொன்னோம். சுடுதண்ணிக்கு அடங்குகிற சங்கதி இல்லை என்று தெரிந்தபோது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் படத்தை விளக்கில் காட்டிப் பேசியதை மியூட் வந்து எங்களிடம் நடித்துக் காட்டினார். சிரித்துக்கொண்டேதான் காட்டினார்.

"நான் கேட்டேண்ணே, ரிப்பேர் பண்ண முடியாதா டாக்டர், பார்ட்டை மாத்தித்தான் ஆகணுமானு. மாத்துறது இல்லைய்யா, எடுக்குறதுதான்னுட்டார். குரல்பெட்டியை எடுத்துடணுமாம்."

எடுப்பதற்கு முன்னால் டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்று. எனக்கு எப்படித் தெரியும் என்றால், கடை வாசலில் நின்று கேட்டார், எனக்கும் காது இருக்கிறது.

"ஏங்க, அந்தக் கம்பெனில நான் படிச்ச பாடமெல்லாம் இருக்குல்ல? அதை எடுத்து வச்சிடுங்க. அப்புறம் என்னைக்காவது கேக்கணும்னு தோணும்."

"அடப் போடி, அது என் தொழிலு! கண்ணை மூடிட்டு எடுப்பேன்."

டீச்சர் வழக்கம்போல நிறுத்தினார். "எடுத்து வச்சிடுங்க."

"எடுத்து வச்சிடுறேன்," என்று பிள்ளை போலத் திருப்பிச் சொன்னார் மியூட்.

வேறு எதிலாவது இருக்காதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். டீச்சரின் போன் ஒரு மழையில் நனைந்து செத்துவிட்டது. மியூட்டின் போனில் அவர் பேசி அனுப்பியது நிறைய இருந்திருக்கிறது. போன் நிறைந்துபோகும்போதெல்லாம் அதைத்தான் முதலில் அழிப்பாராம். "என்னண்ணே பெருசா இருந்துச்சு அதுல? வரும்போது பால் வாங்கிட்டு வாங்க, கதவைச் சாத்திட்டுப் போனீங்களா... இதெல்லாம் யாருண்ணே பத்திரப்படுத்துவான்?"

கம்பெனியின் பாடங்களைக் கணினியில் ஓடவிட்டுக் கேட்கலாம், இறக்கி வைத்துக்கொள்ள முடியாது. ஓடும்போது உள்காதால் பிடிப்பதுதான் ஒரே வழி. இவர் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் அலைந்ததில் அந்த வேலை நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிப்போனது. ஊரான் வேலையென்றால் அன்றைக்கே முடித்திருப்பார். அதற்குள் கம்பெனி நொடித்தது. கடையை மூடுகிறோம், பாடங்கள் எல்லாம் அழிக்கப்படும் என்று ஒரு தேதி போட்டார்கள். மியூட் உட்கார்ந்தது அந்தத் தேதியன்று.

டீச்சர் வீடு திரும்பியிருந்தார். கழுத்தில் குழாய். உள் அறையில் படுக்கை. பக்கத்தில் ஒரு டம்ளரும் ஒரு கரண்டியும். ஆளைக் கூப்பிட அதுதான். டம்ளரில் கரண்டியால் ரெண்டு தட்டு. டிங், டிங். முதல் தட்டு நீளமாக, இரண்டாவது குட்டையாக. அது என்ன தாளம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மியூட் முன் அறையில் கணினியை வைத்து, உள்காதைத் தேடித் திறந்து, காதில் ஹெட்போன் குழல் மாட்டிக்கொண்டு, முறைப்படி கொஞ்சம் எடுத்துப் போட்டுக் கேட்டார். டீச்சர் குரல் கண்ணாடி மாதிரி விழுந்திருந்தது. குரல் போனவளுக்கு அவள் குரல் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் காதுக் குழல். எல்லாம் சரி என்று முதல் பாடத்தை ஓடவிட்டார். உள்ளே டிங், டிங். எழுந்தார். காதுக் குழலின் ஒயர் நாற்காலிக் கையில் மாட்டி, கணினியிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

வீடு முழுக்க டீச்சரின் குரல் கேட்டது. "எங்கே, இப்ப நீங்க சொல்லுங்க!"

மியூட் பாய்ந்து வந்து பட்டனை அமுக்கினார். எந்தப் பட்டன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீடு அமைதியாயிற்று. உள் அறையும் அமைதி. எட்டிப் பார்த்தால் டீச்சர் கரண்டியைக் கையில் பிடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாராம்.

திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். மியூட்டில் போட்டால் சத்தம் வெளியேதான் வராது, உள்ளே அதுபாட்டுக்கு ஓடும், உள்காது பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. எடுத்துப் பார்த்து ஒருமுறை கேட்டிருக்கலாம். கேட்டால் அவளுக்கும் கேட்குமே என்ற பயம். காதுக் குழலை மறுபடி மாட்டியிருக்கலாம். அது ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை அவருக்குத் தெரியவில்லை. திரையில் கோடு ஆடியது. பேசுகிறாள், விழுகிறது என்று நினைத்துக்கொண்டார். பாடம் மாற்றி மாற்றி ஓடவிட்டு, பொழுது சாயும்வரை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒயர் பிடுங்கியபோதே காது மாறிவிட்டிருந்தது. ஆடியது மின்விசிறியின் சத்தம்.

கம்பெனி சொன்னபடி மூடியது. அதற்குப் பிறகுதான், டீச்சர் தூங்குகிற நேரம் பார்த்து, எடுத்ததைப் போட்டார். ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாராம். "ஃபேனுக்குத்தான் கை கூசுச்சு, அவ குரலுக்குக் கூசலண்ணே," என்று மட்டும் சொன்னார்.

கம்பெனிக்குப் போன் அடித்தார். மணிகூட அடிக்கவில்லை. டீச்சரிடம், "எல்லாம் எடுத்தாச்சுடி, பத்திரமா இருக்கு" என்றார். டீச்சர் தலையாட்டினார். உடம்பு தேறட்டும், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்க வேண்டும்.

தெருவில் எங்களுக்கு ஒரு சங்கடம். அவரை எப்படிக் கூப்பிடுவது? டீக்கடையில் பேச்சு வந்தபோது தையல்காரர், "இப்ப அந்தப் பேரு அவருக்கா, அந்தம்மாவுக்கா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சொன்ன தையல்காரரே டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். வேறு பெயர் யாருக்கும் வாயில் வராததால் பழைய பெயரே நின்றது. ஆனால் மியூட்டில் இருக்கிறதா என்ற கேள்வியைக் கேட்பதை மட்டும் மியூட் நிறுத்திவிட்டார். கணினியைக் கையில் வாங்கி, தானே பட்டனைப் பார்த்துக்கொள்வார்.

டீச்சர் நடமாட ஆரம்பித்து, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, மதியம் சாப்பாட்டுப் பையோடு வர ஆரம்பித்தார். படிக்கு வெளியே நின்று, பையிலிருந்து டம்ளரை எடுத்து, கரண்டியால் தட்டுவார். டிங், டிங். மியூட் தலையை இடித்துக்கொண்டு வருவார். பழைய மாதிரியே என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். எதையாவது சொல்ல வேண்டுமே.

கரண்ட் போன ஒரு மத்தியானம், என் இயந்திரமும் தையல் இயந்திரமும் வாயை மூடிக் கிடந்தபோது, மியூட் என்னை உள்ளே கூப்பிட்டார். கணினியில் மிச்சமிருந்த சார்ஜில் ஒன்றைப் போட்டார். மின்விசிறி சுற்றுகிற சத்தம். பிறகு டிங், டிங்.

"யாருனு தெரியுதா?"

"டீச்சரோட டம்ளர் மாதிரி இருக்கு."

அடுத்த சத்தம் வருவதற்குள் டக்கென்று நிறுத்தினார். அப்போதுதான் நான் மேலே எழுதியதையெல்லாம் சொன்னார். சொல்லி முடித்து, சவர பிரஷை எடுத்து, தூசியே இல்லாத இடத்தைத் தட்டினார்.

"யோசிச்சுப் பாத்தேண்ணே. அந்தப் பாடம் பூரா தேடினாலும் எங்கண்ணே 'ஏங்க' இருக்கப்போகுது? அது ஊரான் பிள்ளைக்குப் படிச்சது. இதுல இருக்குண்ணே. கேளுங்க, ஏ...ங்க. டிங், டிங். அப்படித்தானே தட்டுறா?"

மறுபடி போட்டார். அப்படித்தான் இருந்தது. மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினார். "அப்புறம் என்ன இருக்கு?" என்றேன். எனக்கு அடுத்தவர் வீட்டு விஷயம் பாதியில் நின்றால் சோறு இறங்காது. "அப்புறம் ஒண்ணும் இல்ல, என் ஊளைதான்" என்று கணினியை மூடினார்.

அதிலிருந்து எந்தக் கணினி வந்தாலும் சத்தம் சோதிக்க அதையே போடுவார். மற்ற கடைகளில் பாட்டுப் போட்டுச் சோதிப்பார்கள். இவர் கடையில் டிங், டிங். உள்ளங்கை ஸ்பீக்கர் மேல், கண் மூடியிருக்கும். தன் குரல் வருகிற இடத்துக்கு முன்னால் விரல் தானாகப் போய் நிறுத்திவிடும்.

போன வாரம் டீச்சர் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். பையில் கை விட்டு டம்ளரை எடுக்கப் போனவர், உள்ளேயிருந்து டிங், டிங் என்று வந்ததும் அப்படியே நின்றார். தன் கையைப் பார்த்தார். டம்ளர் பைக்குள்தான் இருந்தது. முதல் தடவையாகப் படிக்குக் குனிந்து உள்ளே போனார். நான் அறுத்துக்கொண்டிருந்த சாவியை நிறுத்திவிட்டேன். மரியாதைக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மியூட் கண்ணைத் திறந்தார். விரல் பட்டனுக்குப் போனது. டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நோயாளிக் கைதான். அவரால் விடுவிக்க முடியவில்லை, அல்லது விடுவிக்கவில்லை.

ஸ்பீக்கரில் மியூட்டின் குரல் வந்தது. இத்தனை நாள் எங்களுக்கு ஒளித்து வைத்த குரல்.

"சத்தம் போடாதடி! உன் குரலைத்தான்டி எடுத்துட்டிருக்கேன்!"

மின்விசிறிச் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக ஒரு டிங். ஒன்றே ஒன்று, பாதி "ஏங்க". அதற்கு யாரும் எழுந்து போன சத்தம் இல்லை. பிறகு மின்விசிறி மட்டும்.

டீச்சர் பிடியை விடவில்லை. அந்த மின்விசிறியை நெடுநேரம் கேட்டார். அப்புறம் சுட்டுவிரலைத் தன் கழுத்துத் துணியில் வைத்து, கணினியைக் காட்டி, புருவத்தைத் தூக்கினார். இவ்வளவுதானா?

"மியூட்ல..." என்றார் மியூட். "மியூட்ல போட்டுட்டேன்டி."

டீச்சர் கையை விட்டார். மேசையில் ஆணிகளை ஒதுக்கி இடம் செய்தார். பையைத் திறந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்து மூடியைக் கழற்றினார். டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தார். மியூட் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வாய் எடுத்தார், மென்றுகொண்டே இருந்தார்.

பையின் அடியில் கரண்டி தனியாகக் கிடந்தது. டீச்சர் அதை வெளியே எடுத்து, கை துடைக்கிற துணியை விரித்து, நடுவில் வைத்து, ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டார். பைக்குள் வைத்தார். பிறகு பையைக் காதோரம் தூக்கி, ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்.